சுங்காய் மணலுக்கு ஏற்ற டயர்

“பொதுமக்கள் எழுதும் கடிதத்துக்கு மூன்று வேலை நாட்களுக்குள் ஒப்புகை, பதினான்கு வேலை நாட்களுக்குள் பதில்.”

இது நான் இயற்றிய விதியல்ல. மலேசியாவில், பேராக் மாநிலத்தின் தெற்கே, ஓர் அரசு அலுவலகத்தின் முகப்பில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். மலாய் மொழியில் இருந்ததை என் மகள் படித்துச் சொன்னாள். சட்டத்தில் ஒரு துளி தூசி இல்லை. தினமும் துடைக்கிறார்கள். விதியைத் துடைத்து வைக்கும் விஷயத்தில் அந்த அலுவலகத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

நான் திருச்சியில் ஒரு பஸ் நிறுவனத்தின் பண்டகப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். டயர் வாங்குவதும் வாங்கிய டயரைக் குறை சொல்லித் திருப்பி அனுப்புவதும்தான் என் வேலை. என் கையெழுத்து இல்லாமல் ஒரு ட்யூப்கூடக் கிடங்கை விட்டு வெளியே போனதில்லை. ஈப்போவுக்குப் போனது மகளைப் பார்த்து, ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டு வர. சும்மா இருக்க விடவில்லை.

மகள் குடியிருப்பது ஈப்போவின் புந்தோங் பகுதியில், நாலாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. வந்து இறங்கிய அன்றே படிகளை எண்ணினேன்: அறுபத்தெட்டு. கீழே வரிசையாகக் கடலைக் கடைகள். கடலை, முறுக்கு, காராச்சேவு எல்லாவற்றையும் சேர்த்துக் கச்சாங் பூத்தே என்கிறார்கள். அந்த முறுக்கு எங்கள் பக்கத்து முறுக்கைவிட நன்றாக இருந்தது. நான் பிறந்தது மணப்பாறை என்பதால் இந்த வாக்கியத்தை எழுதச் சற்றுச் சிரமமாக இருக்கிறது. ஆனாலும் உண்மை உண்மைதான்.

மூன்றாம் நாள் சம்பந்தியம்மாவைப் பார்க்கத் தெற்கே இருக்கும் சுங்காய்க்குப் போனோம். மாப்பிள்ளையின் தாயார். பெயர் அஞ்சலை. வயது என்னுடையதுதான். முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்; பட்டையைக் கீறிப் பால் எடுப்பதை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். தோட்டம் கைமாறி, ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்டது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான பழைய லயத்தில் பதினொரு வீடுகள் மட்டும் மிச்சம். அதில் ஒன்றில் மூத்த மகன் சேகரோடு இருக்கிறார்.

லயத்திலிருந்து பெரிய சாலைக்குப் பழைய தோட்டத்துச் சாலை ஒன்று நேராகப் போகிறது. காரில் ஐந்து நிமிடம். அதன் குறுக்கே, தோட்டத்தை வாங்கிய கம்பெனி ஓர் இரும்புக் கதவைப் போட்டிருக்கிறது. செம்பனைக் குலை திருடு போகிறதாம். காலை எட்டு மணிக்குத் திறந்து மாலை ஐந்துக்குப் பூட்டுகிறார்கள். நாங்கள் போனது பதினொரு மணிக்கு. காவலாளி நேபாளத்துக்காரர், சாந்தமான முகம். ஒரு நோட்டை நீட்டினார். பெயர், வண்டி எண், வந்த காரணம். எங்களை அழைத்துப் போக வந்திருந்த சேகர், காரணம் என்ற கட்டத்தில் ‘அம்மா’ என்று எழுதினார்.

அந்த அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி, டவுனில் இருக்கும் மையத்தில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். வீட்டில் அதற்கு ‘ஊசி’ என்றுதான் பெயர். அவருக்கு ஒதுக்கிய நேரம் காலை ஏழு. கதவு திறக்கும் நேரம் எட்டு. இந்த இரண்டு எண்களையும் கேட்ட மாத்திரத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது.

“ஏழு மணிக்கு மையத்தில் இருக்க வேண்டியவருக்கு எட்டு மணிக்குக் கதவா?” என்று காவலாளியைக் கேட்டேன்.

அவர் மலாயில் பதில் சொன்னார். சேகர் தமிழாக்கினார்: “கடுதாசி கொண்டாந்தா தொறக்குறேங்கிறான் மாமா. மேல இருந்து.”

“மேலே என்றால் யார்?”

“அதுதான் ஒருத்தருக்கும் தெரியாது லா.”

கம்பெனியைக் கேட்டால் அரசு அலுவலகம் எழுதிக் கொடுக்கட்டும் என்கிறது. அலுவலகத்தை வாயால் கேட்டால் அது கம்பெனி நிலம் என்கிறது. எழுத்தில் கேட்டால் ஒன்றும் சொல்வதில்லை. சேகர் எழுதிய இரண்டு கடிதங்களின் கதி அதுதான். நகல் கேட்டேன். “நகலா? குடுத்துட்டு வந்துட்டேன் மாமா” என்றார். நகல் வைத்துக்கொள்ளாத கடிதமும் குளத்தில் போட்ட கல்லும் ஒன்று.

சரி, இப்போது எப்படிப் போகிறீர்கள் என்று கேட்டேன். “நாளைக்குக் கூட வாங்க சம்பந்தி, தெரியும்” என்றார் சம்பந்தியம்மா.

அன்று அங்கேயே தங்கினேன். மறுநாள் புதன். லயத்துக்குப் பின்னால் போனால் செம்பனை சட்டென்று முடிந்து வெள்ளை மணல் தொடங்குகிறது. ஒரு காலத்தில் ஈயம் தோண்டிக் கழுவிக் கொட்டிய மணல். கடல் எங்கோ இருக்க, இங்கே ஆள் உயரத்துக்கு மேடு மேடாக, காற்றில் மடிந்து கிடக்கிறது. ஒன்றரைக் கிலோமீட்டர். அதற்கு அந்தப் பக்கம் ஒரு தார்ச்சாலை. எங்கள் காவிரிக் கரையில் இவ்வளவு மணல் இப்படிக் கேட்பாரற்றுக் கிடந்தால் ஒரு வாரத்தில் லாரி வந்து பிரச்சினையைத் தீர்த்துவிட்டிருக்கும். இங்கே மணலைத் திருட யாருமில்லை. நேர்மையால் விளைந்த தொல்லை.

மோட்டார் சைக்கிள் அதில் இறங்காது. அதனால் சேகர் ஒரு பழைய ஏ.டி.வி. வாங்கியிருந்தார். தடித்த நான்கு சக்கரமும் மோட்டார் சைக்கிளின் கைப்பிடியும் கொண்ட வண்டி. சுற்றுலாக்காரர்களை ஆற்றோரம் ஏற்றி விளையாட்டுக் காட்டிய ஓர் இடம் மூடப்பட்டபோது விற்றது. தாயார் பின்னால் உட்கார்ந்தார். எனக்காக இரண்டாவது நடை வருவதாகச் சேகர் சொன்னதைக் கேளாமல் நான் நடந்தே புறப்பட்டேன். வண்டியின் பின்கம்பியில் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று கட்டியிருந்தது.

“அது எதற்கு?”

“மாட்டிக்கிட்டா உக்கார வேணாமா?” என்றார் சம்பந்தியம்மா.

மூன்றாவது மேட்டில் மாட்டிக்கொண்டது. சேகர் விசையை அழுத்த அழுத்தப் பின்சக்கரங்கள் தமக்குத் தாமே குழி வெட்டிக்கொண்டு இறங்கின. நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது சம்பந்தியம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, காலை நீட்டி, யாரோ மாப்பிள்ளை வீட்டார் வருகைக்குக் காத்திருப்பவர்போல் இருந்தார். குனிந்து டயரைப் பார்த்தேன். கட்டை கட்டையாகப் பல். சேற்றுக்கான டயர். சேற்றைக் கடிக்கும், மணலைத் தோண்டும். பார்த்தவுடனே திருப்பி அனுப்பியிருப்பேன்.

வண்டியைத் தள்ளித் தூக்கி, தார்ச்சாலை ஏறி, மையத்துக்குப் போய்ச் சேர நாற்பது நிமிடம் தாமதம். நர்ஸ் சொன்னதைச் சேகர் தமிழில் சொன்னார்: அடுத்தவர் நேரத்தை எடுக்க முடியாது, இவர் நேரத்தில்தான் குறையும். அந்த விதியில் நான் குறை காணவில்லை. அடுத்து ஒருவர் உண்மையாகவே காத்திருந்தார். ஆனால் நாற்பது நிமிடம் குறைந்தால் என்ன ஆகும் என்பதை மறுநாள் கண்ணால் பார்த்தேன். கால் இரண்டும் உப்பி, படுக்க முடியாமல், சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு வாக்கியத்தை மூன்று மூச்சில் பேசினார்.

“தண்ணி எறங்கல சம்பந்தி. ரெண்டு தடவ இப்பிடி ஆச்சுன்னா ஆஸ்பத்திரி. மூணு தடவ ஆச்சுன்னா நீங்க மாலையோட வரணும்.”

புந்தோங்குக்கு வந்துவிடலாமே என்று கேட்டேன். “அறுவத்தெட்டுப் படி. ஊசி முடிஞ்சு வந்தா நான் ஒம்பது படி ஏறுவேன். மிச்சத்துக்கு நீங்க தூக்குவீங்களா?” என்றார். அவரும் எண்ணியிருக்கிறார்.

ஆக வேலை இரண்டு. கதவுக்குக் கடிதம், மணலுக்கு டயர்.

கடிதத்தை அன்றே எழுதினேன். மகள் மலாயில் மாற்றினாள். பொருள், பார்வை, ஐந்து பத்தி, இணைப்பு இரண்டு: மையம் கொடுத்த நேர அட்டையின் நகல், கதவில் எழுதியிருந்த நேரத்தின் படம். கோரிக்கையும் பெரிதல்ல. வாரம் மூன்று நாள், காலை ஆறு மணிக்கு, ஒரு காருக்கு, ஒரு நிமிடம் கதவைத் திறக்கவும். ஜூலை எட்டாம் தேதி அலுவலகத்தில் கொடுத்து, என் பிரதியில் முத்திரை கேட்டேன்.

“முத்திரை தேவையில்லை ஐயா, கணினியில் ஏறிவிடும்” என்றார் முகப்பில் இருந்த பெண், மகள் வழியாக.

“ஏறும் வரைக்கும் இதில் இருக்கட்டும்.”

மூன்றாம் முறை கேட்டதும் போட்டார். நல்ல வட்ட முத்திரை. தேதி தெளிவாக விழுந்தது. அவர் தலைக்கு மேல்தான் அந்தச் சட்டம் தொங்கியது. பதினான்கு வேலை நாள் என்றால் சம்பந்தியம்மாவுக்கு எட்டு அல்லது ஒன்பது நடை. அதற்கு டயர் வேண்டும்.

டயரைத் தேடிச் சேகரும் நானும் ஈப்போவுக்கு வந்தோம். மூன்று கடைகளில் ஏறி இறங்கினோம். முதல் கடையில் மண் சாலை டயரைக் காட்டி எல்லாம் ஒன்றுதான் என்றார்கள். இரண்டாவது கடையில் கேள்வியைக் கேட்டு முடிக்குமுன் இல்லை என்றார்கள். இல்லாததை இல்லை என்று உடனே சொல்வதும் ஒரு சேவைதான். நடுவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேகவைத்த கோழியும் குட்டையான பயற்று முளையும் சாப்பிட்டோம். எதிர் மேசையில் இருந்த சீனக் கிழவர் என்னிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். “கோழிக்காக வராதே, முளைக்காக வா, அது இந்தத் தண்ணியில மட்டுந்தான் இப்பிடி வளருங்கிறார்” என்றார் சேகர். அவர் சொன்னது சரி.

மூன்றாவது கடைத் தவுக்கேயிடம் சரக்கு இருந்தது. தவுக்கே என்றால் முதலாளி. எழுபது வயது, அரைக்கால் சட்டை, காதில் பென்சில். உள்ளேயிருந்து அவர் உருட்டி வந்ததைப் பார்த்ததும் எனக்கு இத்தனை வருட அனுபவத்தில் முதல்முறையாக ஒரு டயர்மேல் மரியாதை வந்தது. வழவழப்பான உடம்பு. அதன்மேல் குறுக்காக, கட்டைவிரல் உயரத்துக்கு, துடுப்புத் துடுப்பாக ரப்பர்ப் பட்டைகள். ஒவ்வொன்றும் அள்ளும் கைபோலச் சற்றுக் குழிந்திருக்கிறது. சக்கரம் சுற்றும்போது படகோட்டி தண்ணீரைத் தள்ளுவதுபோல மணலைப் பின்னால் தள்ளும், தோண்டாது. இது பின்சக்கரத்துக்கு மட்டும். முன்சக்கரத்துக்கு வேறு: துடுப்பே இல்லாமல், நடுவில் ஒரே ஒரு வரப்பு ஓடும் வழுக்கை டயர். அந்த வரப்பு மணலைக் கீறித் திசை திருப்பும்.

“என்ன இன்ஜின்?” என்று தவுக்கே கேட்டார். இருநூற்றைம்பது சிசி என்றார் சேகர். “சின்னது. ஆறு துடுப்பு, மிஞ்சிப் போனால் எட்டு” என்றார் தவுக்கே. ஆனால் கடையில் எட்டில் ஒரு சோடியும் பன்னிரண்டில் ஒரு சோடியும் இருந்தன. விலை ஒன்றே. தயாரித்தவரும் ஒருவரே.

இந்த இடத்தில் நான் செய்ததை ஒளிக்கப் போவதில்லை. விலை சமமாக இருக்கையில் உயர்ந்த விவரக்குறிப்பு உள்ளதை எடுக்க வேண்டும் என்பது கொள்முதல் விதி. பன்னிரண்டு எட்டைவிட அதிகம். பன்னிரண்டைக் காட்டினேன்.

தவுக்கே சேகரைப் பார்த்து ஒரு வரி சொன்னார். “என்ன சொல்கிறார்?”

“ஒண்ணுமில்ல மாமா.”

“சொல்லுங்கள்.”

“படிச்சவருங்க கிட்ட வாதாட மாட்டேங்கிறார்.”

இன்னொன்றையும் அவர் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார். இந்த டயரைத் தாரிலும் செம்மண்ணிலும் ஓட்டாதே, துடுப்பு தேய்ந்துவிடும். காற்று ஐந்து பவுண்டுக்கு மேல் வைக்காதே, டயர் மணலில் பரவி உட்கார வேண்டும். எங்கள் பஸ் டயருக்கு நூற்றுக்குமேல் அடிப்போம். ஐந்து பவுண்டை எதால் அளப்பது? அவர் கடைக் கருவியிலேயே பத்துக்குக் கீழே கோடு இல்லை. இல்லாத கோட்டுக்குக் கீழே நிற்க வேண்டிய முள்ளைப் பற்றி ஒருவர் எனக்குப் பாடம் நடத்தினார். முழங்காலால் அழுத்திப் பார், இவ்வளவு உள்ளே போக வேண்டும் என்று காட்டினார். முழங்கால்தான் கருவி.

திரும்பும்போது ஒரு சோடி டிக்கியில், ஒரு சோடி பின்சீட்டில். சீட்டில் கனம் இருப்பதை உணர்ந்த கார், பெல்ட் போடவில்லை என்று விடாமல் கத்தியது. நெடுஞ்சாலை ஓரம் நிறுத்தி டயர்களுக்குச் சீட் பெல்ட் மாட்டிவிட்டேன். அந்த நாட்டில் என் பேச்சைக் கேட்டு உடனே நடவடிக்கை எடுத்த ஒரே அமைப்பு அந்தக் கார்தான்.

சோதனை ஓட்டம் ஞாயிறன்று. சம்பந்தியம்மா கேளாமல் தானே ஏறிக்கொண்டார். கனம் இல்லாமல் ஓட்டிப் பார்த்து என்ன பிரயோஜனம் என்றார். அது சரியான வாதம். முதல் ஐம்பது அடி வண்டி மிதந்தது. மேடு ஏறும்போது பன்னிரண்டு துடுப்பும் சேர்ந்து மணலை அள்ளியதில் இன்ஜினுக்குச் சுமை தாங்கவில்லை. முனகியது. இன்ஜின் பெல்ட் கருகும் நாற்றம். நின்றுவிட்டது.

சம்பந்தியம்மா ஸ்டூலை இறக்கி உட்கார்ந்தார். 

“ஊருல பஸ்ஸுக்கெல்லாம் டயர் வாங்குனவரு.”

“துடுப்பு அதிகம் இருந்தால் பிடிப்பு அதிகம்...”

“அத்தன கை துர்க்கைக்கு ஆகும் சம்பந்தி. அவ சிங்கத்து மேல உக்காந்திருக்கா. இது செத்த ஆடு.”

சேகர் திரும்பி நின்று சிரித்தார். தோள் குலுங்கியது தெரிந்தது.

தவுக்கேயிடம் போன் செய்தால், மணல் பட்ட டயரை மாற்ற முடியாது என்றார். அதுவும் நியாயமான விதி. நானே அதைப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். எட்டுத் துடுப்புச் சோடியும் விற்றுப்போயிருந்தது. “ஒன்று விட்டு ஒன்றாக அறுத்து எடுங்கள், ஆறாகிவிடும். உடம்பில் கத்தி பட்டால் டயர் செத்தது” என்று சொல்லி வைத்துவிட்டார்.

புதுச் சரக்கை அறுப்பதா? எங்கள் கிடங்கில் இதைச் செய்தவனுக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை போயிருக்கும். அந்த ஆத்திரத்தில் நான் இருக்க, சேகர் சமையல் கத்தியைக் கொண்டு வந்தார். முதல் துடுப்பில் பாதி போனதும் கத்தி உடம்பை நோக்கி வழுகியது. மயிரிழையில் தப்பியது.

“எடுறா கைய!” என்று அதட்டல் கேட்டது. “நீ வெட்டுனா நான் கால்நடையாத்தான் போவணும்.”

சம்பந்தியம்மா உள்ளே போய் ஒரு கத்தியோடு வந்தார். பால் மரம் வெட்டும் கத்தி. நுனி வளைந்து மடங்கியிருக்கும். கல்லில் தீட்டினார். வாளியில் சோப்புத் தண்ணீர் கரைக்கச் சொன்னார். அவருடைய இடது கையில் ஊசி ஏற்றும் இடம். அந்தக் கையில் கனம் படக்கூடாது. அதை மடியில் வைத்துக்கொண்டார். சேகரும் நானும் டயரை ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். கத்தியைத் தண்ணீரில் தோய்த்து, துடுப்பின் அடியில் வைத்து, தன் பக்கமாக ஒரே இழுப்பு. ஒரு சுருள் உரிந்து விழுந்தது. மறுபடி இழுப்பு. மறுபடி.

“பட்டையத்தான் எடுக்கணும், மரத்தத் தொடக்கூடாது. தொட்டா புண்ணாயிரும். மண்டோர் வந்து விரல வச்சுப் பாப்பான்.” மண்டோர் என்றால் வேலை மேற்பார்க்கிறவர்.

ஒரு துடுப்பு முடிந்ததும் நான் விரலை வைத்துப் பார்த்தேன். பழக்கதோஷம். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

“என்ன மண்டோரே, போலேயா?” என்றார். அந்த மலாய்ச் சொல்லுக்கு முடியுமா, சரியா, போதுமா எல்லாமே பொருள். போலே என்றேன்.

டயருக்கு ஆறு வீதம் பன்னிரண்டு துடுப்புகளை, ஊசி இல்லாத இரண்டு நாட்களில் எடுத்தார். இடையில் வந்த திங்கட்கிழமை ஊசிக்குப் பழைய டயரிலேயே போனார்கள். ராத்திரி பெய்த மழையில் மணல் இறுகியிருந்ததால் தப்பினார்கள். இனி ஏ.டி.வி. மணலை விட்டு வெளியே வரக்கூடாது என்றும் முடிவு செய்தோம். இந்தக் கரையில் லயத்துப் புல்லோடு நிற்கும். அந்தக் கரையில் சேகரின் கார் தயாராக இருக்கும்.

புதன்கிழமை மணல் காய்ந்து மாவாகக் கிடந்தது. வண்டி ஏறியது. முதல் மேடு, இரண்டாவது, எங்களை அவமானப்படுத்திய மூன்றாவது. அக்கரையில் நின்ற நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது நிமிடம். ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க மையத்தில் இருந்தோம். அந்த முறை முழு நான்கு மணி நேரமும் கிடைத்தது. மறுநாள் சம்பந்தியம்மா கால் நீட்டிப் படுத்துத் தூங்கினார். குறட்டை லயத்தின் கோடி வீடு வரை கேட்டது. நான் குறிப்பெடுத்தேன்.

குறிப்பெடுப்பது என் தொழில். நடைக்கு ஒரு வரி: தேதி, மணல் காய்ந்ததா ஈரமா, காற்று, எடுத்த நிமிடம், மாட்டிக்கொண்டது எத்தனை முறை. போக வர ஏழெட்டு நாளில் பட்டியல் நிறைந்தது. மாட்டிக்கொண்ட கட்டத்தில் எல்லா வரியிலும் ‘இல்லை’. என் பணிக்காலத்தில் எந்த டயரும் இப்படி ஓர் அறிக்கை வாங்கியதில்லை.

“இதெல்லாம் அக்டோபர் வரைக்குந்தான் மாமா” என்றார் சேகர். “மழ புடிச்சா நடுவுல பழைய ஈயக் குட்டை நெறைஞ்சிரும். அப்ப டயர் இல்ல, சம்பான் வேணும்.” சம்பான் என்றால் படகு.

ஜூலை இருபத்தெட்டு வந்தது. பதினான்கு வேலை நாள் முடிந்தது. பதில் இல்லை. ஒப்புகைகூட இல்லை. இருபத்தொன்பதாம் தேதி நினைவூட்டல் கடிதத்தோடு அதே முகப்பில் நின்றேன். அதே பெண். அதே சட்டம், பளபளவென்று.

“பரிசீலனையில் இருக்கிறது” என்றார்.

“யாருடைய பரிசீலனையில்?”

“அதிகாரி கூட்டத்தில் இருக்கிறார்.”

“எப்போது வருவார்?”

“கூட்டம் முடிந்ததும்.”

மொழி வேறு, சீருடை வேறு, நாடு வேறு. இந்த மூன்று வரியை மட்டும் உலகம் முழுவதும் ஒரே அச்சில் வார்த்திருக்கிறார்கள். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற மலாய்க்கார அம்மாள் ஒருவர் என் தோளைத் தட்டி ஏதோ சொன்னார். “உட்கார்ந்துகொள்ளுங்கள், நான் என் வீட்டுக் கால்வாய்க்கு இரண்டு வருடமாக வருகிறேன் என்கிறார்” என்றாள் மகள்.

நினைவூட்டலை ஒழுங்காகத் தயாரித்திருந்தேன். நான்காவது பத்தியில், தடித்த எழுத்தில் அச்சிட்டு, மழை தொடங்கினால் மணல் வழி மூடிவிடும், ஆகவே அதற்குமுன் கதவுக்கு உத்தரவு தேவை என்று எழுதினேன். இணைப்பு ஒன்று, நேர அட்டை. இணைப்பு இரண்டு, கதவின் படம். இணைப்பு மூன்று, டயர் சோதனைப் பட்டியல். ஒரு நோயாளி நேரத்துக்கு மருத்துவம் பெறக் குடிமக்கள் எந்த அளவுக்குப் போக வேண்டியிருக்கிறது என்பதை அந்த அதிகாரி வெட்கத்தோடு பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கொடுக்கப் போகும்முன் சேகர் அதைப் புரட்டிப் பார்த்தார். “இது எதுக்கு மாமா? இவ்ளோ நல்லா ஓடுதுன்னு அவங்களுக்குச் சொல்லணுமா?”

“கோப்பு முழுமையாக இருக்க வேண்டும் தம்பி.”

அவர் தாள்களை அடுக்கி உறையில் போட்டுக் கொடுத்தார். என்னிடம் வாதாடாமல் விட்டவர் அவரோடு இரண்டு பேர்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் திருச்சி திரும்பினேன். பெட்டியில் இரண்டு கிலோ புந்தோங் முறுக்கு. மணப்பாறைச் சொந்தங்களுக்குச் சொல்லவில்லை. ஆகஸ்ட் போயிற்று. செப்டம்பரில் இரண்டாவது நினைவூட்டலை அஞ்சலில் அனுப்பினேன். சேகர் நடைக் கணக்கை வாராவாரம் போனில் சொன்னார். இல்லை, இல்லை, இல்லை. அக்டோபர் நடுவில் மழை பிடித்தது. குட்டை நிறைந்தது. ஏ.டி.வி. லயத்துப் புல்லோடு நின்றுவிட்டது. கதவு எட்டு மணிக்கே திறந்தது. வேறு வழியில்லாமல் சம்பந்தியம்மாவை ஈப்போவுக்குக் கூட்டிப்போனார்கள். நாலாவது மாடிக்கு.

பிறகுதான் பதில் வந்தது. லயத்து முகவரிக்கு, என் பெயருக்கு. சேகர் போனில் வரிவரியாகத் தமிழாக்கினார். நான் எழுதிக்கொண்டேன்.

“தங்கள் இணைப்பு மூன்றைக் கவனமாக ஆராய்ந்ததில், குடியிருப்பாளர்களுக்குப் பாதுகாப்பான மாற்று வழி இருப்பதும், அவ்வழியில் ஒருமுறைகூடத் தடை ஏற்படவில்லை என்பதும் தெளிவாகிறது. எனவே கதவு தொடர்பாக மேல்நடவடிக்கை தேவையில்லை. தங்கள் கோப்பு முடிக்கப்படுகிறது. சேவை குறித்த கருத்துப் படிவத்தைப் பதினான்கு நாட்களுக்குள் அனுப்பவும்.”

கவனமாக ஆராய்ந்திருக்கிறார்கள். இணைப்பு ஒன்றை அல்ல, இரண்டை அல்ல. தடித்த எழுத்தில் அச்சிட்ட நான்காவது பத்தியை அல்ல. முப்பத்து நான்கு ஆண்டுகளில் நான் எழுதிய எந்த இணைப்பையும் யாரும் படித்ததாக எனக்கு நினைவில்லை. இதைப் படித்திருக்கிறார்கள். பதினான்கு நாள் விதி எனக்குப் பொருந்துமாம்.

புந்தோங்கில் இருந்த சம்பந்தியம்மாவுக்குப் போன் செய்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல், டயர்களைக் கழற்றி நிழலில் வைக்கச் சொல்லுங்கள், வெயில் பட்டால் வெடித்துவிடும் என்றேன்.

“டயர்ல ஒரு குத்தமும் இல்ல சம்பந்தி” என்றார். மூச்சு வாங்கியது. இப்போதுதான் ஈப்போவில் உள்ள ஒரு மையத்திலிருந்து வந்திருக்கிறார். “அது நல்லா ஓடுனதுதான் குத்தமாப் போச்சு.”

“மேலே ஏறிவிட்டீர்களா?”

“எங்க? ரெண்டாவது மாடியிலதான் இருக்கேன். அந்தச் செவப்பு ஸ்டூலக் கொண்டாந்துட்டம்ல. படிக்கட்டுல போட்டு உக்காந்துதான் பேசுறேன்.”

முத்திரை விழுந்த என் பிரதியை எடுத்து, வட்டத்துக்குக் கீழே, ஜூலை எட்டுக்கு நேராக எழுதினேன்: பதில் கிடைத்த நாள், அக்டோபர் 23.